கணுக்கால் சுளுக்கும் ஒளிவழி அளவீடும்: குணமாதலை மதிப்பிட்ட முறைகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கணுக்கால் சுளுக்கு மிகப் பரவலாகக் காணப்படும் காயம். ஆயினும் அது முழுமையாகக் குணமாகிவிட்டது என்பதை எவ்வாறு அறிவது என்னும் வினாவிற்கு மருத்துவம் காலந்தோறும் வெவ்வேறு விடைகளை அளித்துள்ளது. கண்ணுக்குத் தெரியும் வீக்கமும் சிவப்பும் முதலில் அளவுகோலாயின. பின்னர் எக்ஸ் கதிர்ப்படம் அவ்விடத்தைப் பெற்றது. 20ஆம் நூற்றாண்டில் உடல் திசுவினூடே ஒளியைச் செலுத்திக் குருதியோட்டத்தையும் ஆக்சிஜன் நிறைவையும் அறியும் கருவிகள் வந்தன. இவ்விரு வரலாறுகளையும் இணைத்து நோக்கும் இக்கட்டுரை, ஒவ்வோர் அளவீடும் தான் காணவல்லதையே நோயின் முழுமையாகக் கொள்ளத் தூண்டியது என்பதையும், அவ்வளவீடுகள் வெளிர்நிறத் தோலையே பொதுநிலையாகக் கொண்டிருந்தன என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கணுக்கால் சுளுக்கு, தசைநார், அழற்சி, அண்மை அகச்சிவப்பு ஒளி, பல்ஸ் ஆக்சிமீட்டர், தோல் நிறமி, மருத்துவ வரலாறு.

முன்னுரை

பாதம் உட்புறமாக மடங்கும்போது கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார்கள் இழுபட்டோ கிழிந்தோ போவதே பெரும்பான்மையான கணுக்கால் சுளுக்குகளின் தோற்றுவாய் ஆகும். வலியும் வீக்கமும் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் தணிந்துவிடுகின்றன. நோயாளி நடக்கத் தொடங்குகிறார். மருத்துவரும் அவரை மீண்டும் அழைப்பதில்லை. ஆனால் கிழிந்த தசைநார் இழை இழையாகப் புதுப்பிக்கப்பட்டு வலுப்பெறுவதற்குப் பல மாதங்கள் ஆகின்றன. அறிகுறி நீங்குவதற்கும் திசு குணமாவதற்கும் இடைப்பட்ட இக்காலம் கண்ணுக்குப் புலப்படாதது. அதே கணுக்கால் மீண்டும் மீண்டும் பிறழ்வதற்கான வாய்ப்பு இவ்விடைவெளியில் மறைந்துள்ளது.

இந்த இடைவெளியைக் காண மருத்துவம் எக்கருவிகளை நாடியது, அக்கருவிகள் எதைக் காட்டின, எதை மறைத்தன என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். முதற்பகுதி கணுக்கால் காயம் பற்றிய கருத்துகளின் வளர்ச்சியையும், இரண்டாம் பகுதி ஒளிவழி அளவீட்டின் வளர்ச்சியையும் விளக்குகின்றன. இறுதிப் பகுதி இரண்டும் சந்திக்கும் இடத்தை ஆராய்கிறது.

செல்சஸின் அறிகுறிகள்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் தம் மருத்துவ நூலில் அழற்சிக்குரிய அடையாளங்களாகச் சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், வலித்தல் ஆகிய நான்கினைக் குறிப்பிட்டார். செயலிழப்பு என்னும் ஐந்தாம் அடையாளம் நெடுங்காலத்திற்குப் பின்னரே அவற்றோடு சேர்க்கப்பட்டது. இப்பட்டியல் இன்றளவும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

இப்பட்டியலில் இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. ஒன்று, முதல் நான்கும் உடலின் மேற்பரப்பில் காணவோ தொட்டறியவோ நோயாளி சொல்லக் கேட்கவோ கூடியவை. அவை மறைந்தால் நோயும் மறைந்தது என்னும் முடிவுக்கு அவை எளிதில் இட்டுச்செல்லும். மற்றொன்று, சிவத்தல் என்னும் அடையாளம் நோக்கப்படும் தோலின் நிறத்தைப் பொறுத்தது. கருமையான தோலில் அழற்சியின் சிவப்பு ஊதாவாகவோ மேலும் கருமையாகவோ தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். சுளுக்கிய கணுக்காலில் தோலடியில் கசிந்த குருதியின் கன்றலும் அவ்வாறே. மருத்துவ நோக்கின் தொடக்கத்திலேயே குறிப்பிட்ட ஓர் உடல் பொதுவுடலாகக் கொள்ளப்பட்டுவிட்டது என்பது பின்வரும் பகுதிகளுக்கு அடிப்படையாகும்.

1895: கட்டும் கதிரும்

நியூயார்க் நகர எலும்பியல் அறுவை மருத்துவர் வெர்ஜில் கிப்னி 1895இல் கணுக்கால் சுளுக்கிற்கு ஒட்டுப்பட்டைகளைக் கூடைமுடைவது போல ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டும் முறையை வெளியிட்டார். ஊன்றுகோலின்றி, வேலைநாள் இழப்பின்றி நோயாளியை நடமாட வைப்பதே அம்முறையின் நோக்கம். சுளுக்கிய காலை அசைக்காது வைத்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுவாக இருந்த காலத்தில் இது துணிவான கருத்தாகும்.

அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரோன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். சில மாதங்களுக்குள் அது எலும்பு முறிவுகளைக் காணப் பயன்படலாயிற்று. முறிவையும் சுளுக்கையும் கையால் தொட்டே வேறுபடுத்தி வந்த மருத்துவர்களுக்கு ஐயமற்ற சான்று கிடைத்தது. ஆனால் எக்ஸ் கதிர் எலும்பைத் தெளிவாகக் காட்டியது, தசைநாரைக் காட்டவில்லை. இதனால் கணுக்கால் காயங்கள் படத்தில் தெரிபவை, தெரியாதவை என இரு வகையாகப் பிரிந்தன. முறிவு மாவுக்கட்டும் தொடர் கண்காணிப்பும் பெற்றது. படத்தில் ஏதும் தெரியாத காயம் 'வெறும் சுளுக்கு' ஆயிற்று. இச்சொல்லாட்சியில் உள்ள 'வெறும்' என்னும் அடை, காயத்தின் தன்மையைக் காட்டிலும் கருவியின் எல்லையையே குறிக்கிறது.

இப்பிரிவினை எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுந்த ஒட்டாவா கணுக்கால் விதிகளே சான்று. கனடாவின் அவசர மருத்துவ ஆய்வாளர் இயன் ஸ்டீலும் அவர் குழுவினரும் 1992இல் வெளியிட்ட இவ்விதிகள், கணுக்கால் காயத்துடன் வரும் அனைவருக்கும் படமெடுக்கும் வழக்கத்தைக் குறைக்க முனைந்தன. கணுவெலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலியெடுப்பது, நான்கு அடிகள்கூட எடை தாங்கி நடக்க இயலாமை போன்ற எளிய சோதனைகள் படம் தேவையா என்பதைத் தீர்மானித்தன. 2003இல் வெளியான தொகுப்பாய்வு, இவ்விதிகள் முறிவைத் தவறவிடுவது மிக அரிது என்றும், படமெடுப்பதை 30 முதல் 40 விழுக்காடு வரை குறைக்கக்கூடும் என்றும் காட்டியது. இது பெரும் பயன் விளைத்த ஆய்வு என்பதில் ஐயமில்லை. எனினும் இவ்விதிகள் விடை தேடிய வினா 'முறிவு உண்டா, இல்லையா' என்பது மட்டுமே. இல்லை என்று விடை வந்த பெரும்பான்மையினரின் தசைநார் என்ன ஆயிற்று என்பது அவ்வினாவிற்குள் அடங்கவில்லை.

தசைநாரைத் தேடிய ஆய்வுகள்

1960களில் இரு ஆய்வுகள் இந்நோக்கைத் திருப்பின. ஸ்வீடனின் லென்னார்ட் புரோஸ்ட்ரம் 1964 முதல் 1966 வரை வெளியிட்ட கட்டுரை வரிசையில், மூட்டினுள் நிறமூட்டும் பொருளைச் செலுத்திப் படமெடுத்தும் அறுவையின்போது நேரில் கண்டும் எந்தத் தசைநார் எவ்வாறு கிழிகிறது என்பதை முறையாகப் பதிவு செய்தார். வெளிக்கணுவிலிருந்து முன்னோக்கிச் செல்லும் தசைநாரே மிகுதியாகக் கிழிகிறது என்பது தெளிவாயிற்று. அவர் வகுத்த சீரமைப்பு அறுவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இங்கிலாந்தின் மைக்கேல் ஃபிரீமன் 1965இல் வேறொரு கோணத்திலிருந்து அணுகினார். சுளுக்கியவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பின்னாளில் பாதம் 'நழுவிப்போகிறது' என்று முறையிட்டனர். அவர்களுள் பலரின் மூட்டில் கட்டமைப்புத் தளர்வு காணப்படவில்லை. தசைநார் வெறும் கயிறன்று. மூட்டின் நிலையை நரம்புகள் வழியே மூளைக்கு உணர்த்தும் உறுப்பும் ஆகும். அந்நரம்பு முனைகள் சேதமடைவதால் கால் தன் நிலையை அறியும் திறன் குறைகிறது என்று அவர் கருதினார். ஆடும் பலகையின்மேல் நின்று பழகும் பயிற்சி இக்குறையைத் தணிப்பதை அவரும் அவர் குழுவினரும் காட்டினர். இன்று இயன்முறை மருத்துவக் கூடங்கள் பலவற்றிலும் காணப்படும் சமநிலைப் பலகையின் மருத்துவப் பயன்பாடு இவ்வாய்விற்குப் பெரிதும் கடன்பட்டது. செயலிழப்பு என்னும் ஐந்தாம் அடையாளம் இங்கே முதன்மை பெற்றது எனலாம்.

ஓய்வா, இயக்கமா

1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு 'ரைஸ்' என்னும் குறுஞ்சொல்லை அமைத்தார். நினைவில் நிற்கும் எளிமையால் அது விளையாட்டுத் திடல்கள் முதல் பள்ளிப் பாடநூல்கள் வரை பரவியது. பரவிய வேகத்திற்கேற்ற சான்று அதற்கு இல்லை. 2012இல் வான் டென் பெகெரோம் குழுவினர் அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, கணுக்கால் சுளுக்கில் இம்முறையின் பயனை உறுதிசெய்யப் போதிய சான்று இல்லை என முடித்தனர். பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று மிர்கினே பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 2019இல் துபுவாவும் எஸ்கூலியேவும் முன்வைத்த புதிய வழிகாட்டுதலில் பனிக்கட்டிக்கு இடமில்லை; படிப்படியான சுமையேற்றமும் நோயாளிக்கு விளக்கமளித்தலும் அதில் இடம்பெற்றன.

இதனால் அசையாமை முற்றிலும் தவறு என்றும் கொள்ள இயலாது. இங்கிலாந்தில் கடுமையான சுளுக்குற்ற 584 பேரிடம் நிகழ்த்தப்பெற்று 2009இல் லான்செட் இதழில் வெளியான சமவாய்ப்பு முறை ஆய்வில், 10 நாட்கள் முழங்காலுக்குக் கீழ் மாவுக்கட்டு இடப்பெற்றவர்கள், மீள்தன்மையுள்ள குழாய்த் துணிக்கட்டு பெற்றவர்களைவிட 3 மாத முடிவில் மேம்பட்ட நிலையில் இருந்தனர். 9 மாத முடிவில் அவ்வேறுபாடு நிலைக்கவில்லை. ஆக, எப்போது அசையாமை, எப்போது சுமை என்பதைக் காயத்தின் நிலையே தீர்மானிக்க வேண்டும். அந்நிலையை நாள்தோறும், நோவின்றி, உடலைத் திறக்காமல் அறியும் வழி ஏது? ஒளிவழி அளவீட்டின் பொருத்தம் இவ்விடத்தில்தான் தோன்றுகிறது.

குருதியின் நிறத்தை அளந்த ஒளி

ஒளி ஒரு பொருளினூடே செல்லும்போது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்னும் ஆய்வு, 1729இல் புகேர், 1760இல் லாம்பர்ட், 1852இல் பேயர் ஆகியோரால் படிப்படியாக விதியாக வடிவம் பெற்றது. உறிஞ்சும் பொருளின் செறிவையும் ஒளி கடக்கும் தொலைவையும் பொறுத்து ஒளி மங்குகிறது என்பதே அதன் சாரம். 1862இல் ஹோப்பே-சைலர் குருதியின் நிறமாலையைப் பதிவு செய்தார். 1864இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் குருதிநிறமி ஆக்சிஜனை இழக்கும்போது அதன் நிறமாலை மாறுவதையும், காற்றுடன் கலக்கும்போது முன்னிலை திரும்புவதையும் காட்டினார். குருதி ஏற்றிச்செல்லும் ஆக்சிஜனை அதன் நிறமே அறிவிக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. 1876இல் ஃபியரோர்ட் இவ்வறிவை உயிருள்ள உடலுக்குக் கொண்டுவந்தார்: கட்டி இறுக்கிய விரலில் ஆக்சிஜன் ஏறிய குருதிக்குரிய நிறப்பட்டைகள் மறைவதை அவர் கவனித்தார்.

1935இல் லைப்சிக்கில் கார்ல் மத்தெஸ் இரு அலைநீளங்களைக் கொண்டு காதுமடல் வழியே ஆக்சிஜன் நிறைவைத் தொடர்ந்து பதியும் கருவியை அமைத்தார். 1937இல் அமெரிக்காவின் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன், தோலில் பட்டுத் திரும்பும் ஒளி ஒவ்வொரு நாடித் துடிப்புடனும் ஏறி இறங்குவதைக் கொண்டு தோலின் குருதியோட்டத்தை ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது உயரப் பறக்கும் விமானிகள் ஆக்சிஜன் குறைவால் நினைவிழப்பதைத் தடுக்கும் தேவை எழுந்தது. கிளென் மில்லிகன் 1942இல் எடை குறைந்த காதுக் கருவியை வெளியிட்டார். 'ஆக்சிமீட்டர்' என்னும் பெயர் அவர் வழங்கியது. அறிவியல் ஆர்வத்தில் பிறந்த அளவீட்டைப் போரின் தேவை கருவியாக்கியது.

இரைச்சல் செய்தியான வரலாறு

இக்கருவிகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் இடர் இருந்தது. ஒளி குருதியில் மட்டுமன்றித் தோல், எலும்பு, நிறமி, சிரைக்குருதி அனைத்திலும் மங்குகிறது. அவற்றுள் தமனிக்குருதியின் பங்கை மட்டும் எவ்வாறு பிரிப்பது? 1970களில் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனக் கருவி எட்டு அலைநீளங்களைப் பயன்படுத்தி இதற்கு விடை கண்டது; ஆனால் அது பருமனானது, விலை மிகுந்தது.

ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் டகுவோ அயோயாகி வேறு வழி கண்டார். சாயத்தைக் குருதியில் செலுத்தி இதயத்தின் வெளியேற்ற அளவைக் காது வழியே அளக்க முயன்றபோது, நாடித் துடிப்பால் எழுந்த ஏற்ற இறக்கம் அவருக்கு இடையூறாயிற்று. அவ்விடையூற்றை நீக்க முயன்ற அவர், துடிப்பது தமனிக்குருதி மட்டுமே என்பதால் துடிப்புப் பகுதியை மட்டும் இரு அலைநீளங்களில் ஒப்பிட்டால் மற்ற திசுக்களின் பங்கு தானே நீங்கிவிடும் என உணர்ந்தார். 1974இல் அவர் வெளியிட்ட இக்கருத்தே பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு அடித்தளம். இன்று வழக்கமாக 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் பயன்படுகின்றன. துடிக்காதவை அனைத்தும் கணக்கிலிருந்து நீங்கிவிடும் என்னும் அவ்வெடுகோளின் அழகு, தோலின் நிறம் இக்கருவிக்கு ஒரு பொருட்டன்று என்னும் நம்பிக்கையையும் கூடவே வளர்த்தது.

திசுவின் ஆழத்திற்குள்

பல்ஸ் ஆக்சிமீட்டர் தமனிக்குருதியை மட்டுமே கூறும். திசு அந்த ஆக்சிஜனைப் பெற்றதா எனக் கூறாது. அவ்வினாவிற்கு விடை தேடியவர் டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் யோப்சிஸ். 1977இல் சயன்ஸ் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, அண்மை அகச்சிவப்பு ஒளி எலும்பையும் தோலையும் கடந்து மூளைத் திசுவின் ஆக்சிஜன் நிலையை அறிவிக்க வல்லது எனக் காட்டியது. ஏறத்தாழ 650 நானோமீட்டருக்குக் கீழ் ஹீமோகுளோபினும், 950க்கு மேல் நீரும் ஒளியை மிகுதியாக உறிஞ்சுகின்றன. இடைப்பட்ட பகுதி உடலுக்குள் நோக்கும் சாளரம் போன்றது.

ஆனால் திசுவினுள் ஒளி நேர்க்கோட்டில் செல்வதில்லை. சிதறிச் சிதறி நேர்த்தொலைவைப் போலப் பன்மடங்கு தொலைவு கடக்கிறது. 1988இல் லண்டனில் டேவிட் டெல்பியும் அவர் குழுவினரும் ஒளித்துடிப்பு கடந்துவரும் நேரத்தை அளந்து அத்தொலைவை மதிப்பிட்டனர். 1992இல் பிரிட்டன் சான்ஸ் குழுவினர் படகோட்ட வீரர்களின் தொடைத்தசையில், கடும் உழைப்பால் குறைந்த ஆக்சிஜன் நிறைவு ஓய்வின்போது மீளும் வேகத்தை ஒளிவழியே பதிவு செய்தனர். 'மீளுதல்' என்பதைக் கால அளவாகக் காட்டவல்ல முறை இதனால் விளையாட்டு மருத்துவத்திற்குக் கிடைத்தது. 1975இல் ஸ்டெர்ன் அறிமுகப்படுத்திய லேசர் டாப்ளர் முறை, நகரும் குருதியணுக்களில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியின் அலைவெண் மாற்றத்தால் நுண்குழாய்களின் குருதியோட்டத்தை அறியச் செய்தது.

கணுக்காலில் ஒளி

கணுக்காலைச் சுற்றித் தோலும் கொழுப்பும் ஒப்பளவில் மெல்லியவை. ஆகவே அப்பகுதி ஒளிவழி அளவீட்டிற்கு ஏற்றது. 2000களின் நடுப்பகுதியில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் லேசர் டாப்ளரையும் நிறமாலை அளவீட்டையும் இணைத்துக் குதிகால் தசைநாணின் நுண்குருதியோட்டத்தை ஆராய்ந்தனர். குளிரும் அழுத்தமும் சேர்ந்த சிகிச்சை நுண்குழாய்க் குருதியோட்டத்தைக் குறைப்பதை அவர்கள் பதிவு செய்தனர். பனிக்கட்டி பற்றிய நெடுநாள் வாதத்தில் கருத்துக்கு மாறாக அளவு பேசிய தருணம் அது. கீழ்க்காலில் பலத்த அடிபட்டோருக்குத் தசையறைக்குள் அழுத்தம் மிகுந்து திசு ஆக்சிஜன் இழக்கும் ஆபத்தைக் கண்டறிய அண்மை அகச்சிவப்பு அளவீடு உதவுமா என்னும் ஆய்வும் 2000 முதல் தொடர்கிறது.

ஆயினும் எல்லைகள் தெளிவானவை. ஒளி மூலத்திற்கும் ஏற்பிக்கும் இடையேயுள்ள தொலைவில் ஏறத்தாழ பாதியளவு ஆழத்திலிருந்தே பெரும்பகுதிச் செய்தி வருகிறது. அது பல திசுக்களின் கூட்டுச் செய்தி. சில மில்லிமீட்டர் தடிப்புள்ள தசைநாரின் செய்தியை அதிலிருந்து தனியே பிரிப்பது கடினம். மேலும் தசைநார் இயல்பாகவே குருதி குறைந்த திசு. அதன் வலிமை ஆக்சிஜன் அளவில் இல்லை, கொலாஜன் இழைகளின் ஒழுங்கில் உள்ளது. வீங்கிய காலில் தேங்கிய நீரும் கசிந்த குருதியும் ஒளியின் பாதையையே மாற்றிவிடுகின்றன. எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டித் தசைநாரை மறைத்தது போல, குருதியைக் காட்டும் ஒளி இழையின் வலிமையை மறைத்துவிடலாம். குருதியோட்டம் இயல்பானதைக் கொண்டு 'குணமாகிவிட்டது' எனத் தீர்ப்பளித்தால், 'வெறும் சுளுக்கு' என்னும் பழைய பிழை புதிய கருவியுடன் திரும்பும்.

தோல் நிறமும் அளவீட்டின் நடுநிலையும்

1990இல் ஜுப்ரானும் டோபினும் மூச்சுக்கருவியில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்து, பல்ஸ் ஆக்சிமீட்டரின் பிழை வெள்ளையினத்தவரைவிடக் கறுப்பினத்தவரிடம் மிகுதி எனக் காட்டினர். அம்முடிவு பெரிதும் கவனிக்கப்படாமலே 30 ஆண்டுகள் கடந்தன. கோவிட் பெருந்தொற்றின்போது, 2020 டிசம்பரில், மைக்கேல் சோடிங் குழுவினர் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்ட ஆய்வு அதை மீண்டும் எழுப்பியது. கருவி 92 முதல் 96 விழுக்காடு எனக் காட்டியபோது, உண்மையில் தமனிக்குருதியின் நிறைவு 88 விழுக்காட்டிற்கும் கீழே இருந்த நிலை கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காடும் வெள்ளையினத்தவரின் அளவீடுகளில் 3.6 விழுக்காடும் காணப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021இல் எச்சரிக்கை விடுத்தது. 2025 ஜனவரியில் பல்வகைத் தோல் நிறத்தவரிடம் கருவிகளைச் சோதிக்கும் நெறிகளின் வரைவை வெளியிட்டது.

இப்பிழையின் வேர் இயற்பியலில் மட்டும் இல்லை. மெலனின் நிறமி குறைந்த அலைநீளங்களை மிகுதியாக உறிஞ்சுவது இயற்கை. ஆனால் கருவியின் எண்கள் இயற்பியல் விதியிலிருந்து நேரே பிறப்பதில்லை. தன்னார்வலர்களின் குருதி அளவுகளோடு ஒப்பிட்டு அமைத்த அட்டவணையிலிருந்து பிறக்கின்றன. அத்தன்னார்வலருள் கருந்தோலினர் குறைவாக இருந்தால், அக்குறை அட்டவணையில் உறைந்துவிடும். சிவத்தலை அடையாளமாக்கிய செல்சஸின் கண்ணும் அத்தகைய அட்டவணையும் ஒரே வகை உடலையே நோக்கின.

பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் விரல்நுனிக் கருவி நுழைந்தது. அதன் எண்ணை நம்பி மருத்துவமனைக்குச் செல்வதா வேண்டாமா என்னும் முடிவுகள் எடுக்கப்பட்டன. ஆகவே இவ்வரலாறு தமிழ்ச் சூழலுக்கு அயலானதன்று. நாளை கணுக்கால் குணமாதலைக் கண்காணிக்கும் ஒளிப்பட்டைகள் இயன்முறை மருத்துவக் கூடங்களுக்கு வருமாயின், அவை எவ்வகைத் தோலில் அளவுதிருத்தம் செய்யப்பட்டவை என்னும் வினா முதலில் எழுப்பப்பட வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கணுக்கால் சுளுக்கு எளிய காயமாகக் கருதப்பட்டமைக்குக் காயத்தின் இயல்பைவிட அதனை நோக்கிய கருவிகளின் எல்லையே பெருங்காரணம். இரண்டாவது, ஒளிவழி அளவீடு குணமாதலின் ஒரு கூறாகிய குருதியோட்டத்தைச் செம்மையாகக் காட்டுகிறது. இழைகளின் வலிமையையும், ஃபிரீமன் சுட்டிய நிலையுணர்வையும் அது காட்டுவதில்லை. எனவே அது நோயாளியின் இயக்கத்தைச் சோதிக்கும் மருத்துவருக்குத் துணையாகலாம், மாற்றாகாது. மூன்றாவது, அளவீட்டின் நடுநிலை என்பது கருவியோடு பிறப்பதன்று. யாருடைய உடலில் அது சோதிக்கப்பட்டது என்பதால் உருவாவது. 1990இல் வெளியான எச்சரிக்கை 30 ஆண்டுகள் செவிமடுக்கப்படாமல் இருந்தது. அந்த இடைவெளியில் தவறான எண்ணால் சிகிச்சை தாமதமானவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை. கருந்தோலினர் பெரும்பான்மையாக வாழும் நிலப்பகுதிகளின் ஆய்வுக்கூடங்கள் அளவுதிருத்தப் பணியில் நேரடியாகப் பங்குகொள்வதே அத்தகைய தாமதம் மீண்டும் நேராமல் தடுக்கும் வழியாகும்.